குருவிக்கு ஒட்டிய சிவப்பு அட்டை

காலையில் பால் காய்ச்சி டீ போடுகிறேன். என் மனைவி சாப்பாட்டு மேசையில் அருங்காட்சியகத்துக்கான படங்களில் அட்டை ஒட்டுகிறாள். பாடும் குருவி பறவையினம், எலி பாலூட்டி. முதுகெலும்பு உள்ளவை என்ற அளவில்தான் இரண்டும் சொந்தம். அழியும் இனத்துக்குச் சிவப்பு, கவலையில்லாததற்குப் பச்சை. உதவுவதாக நினைத்துக் குருவிக்குச் சிவப்பை ஒட்டுகிறேன். சிரித்துத் திட்டுகிறாள். அப்படியே அவள் தலை மேசையில் சாய்கிறது. விளையாடுகிறாள் என்று டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறேன். தொட்டு எழுப்பியும் அவள் நிமிரவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர் நாடி பார்த்த கையை எடுத்து, இல்லை என்று தலையசைக்கிறார். ஜன்னல் வெயிலில் அவள் விரல்களில் பசை காய்ந்து வெளுத்திருக்கிறது. “தலைவலி, மயக்கம்னு ஏதாச்சும் சொன்னாங்களா, சார்?” “இல்லைங்க. எலியைப் பத்திப் பேசினா.” அவர் நிமிர்ந்து பார்க்கிறார். “என்னன்னு?” அவள் திட்டியதைச் சொல்கிறேன். “பாட்டுப் பாடினா போதும், உடனே வக்காலத்து வாங்கிடுவியே! அழியப்போறது இந்த வகை எலிடா, மக்கு.”