கம்பி வேலிக்கு இந்தப் பக்கம்

ரொசாரியோ நகரின் புறநகர்க் கால்பந்து மைதானத்தில், ஆட்டம் முடியும் நேரத்தில் நடுவர் எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார். உள்ளூர் ரசிகன் ராமிரோ குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்தான்.

"அதைக் கீழ போடுப்பா," என்றாள் பக்கத்தில் நின்ற நெலிதா. அவளும் உள்ளூர் அணியின் ஜெர்சிதான் போட்டிருந்தாள்.

"அநியாயத்தப் பாத்தீங்கல்லக்கா? அவன் மண்டைய உடைக்க வேணாமா?"

"மண்டை நாலு நாள்ல ஆறிடும். அவன் அம்மாவ இழுத்துத் திட்டு. ஜென்மத்துக்கும் உறைக்கும்."

சொன்னதோடு நிற்காமல், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அவளே ஆரம்பித்தாள். நடுவரைப் பெற்றவளைப் பற்றி அவள் கட்டிய பாட்டில் ராமிரோவுக்கே காது கூசியது. மொத்தக் கூட்டமும் கைதட்டி அதையே பாடியது. தட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ராமிரோ செங்கல்லைக் கீழே போட்டான்.

"என்ன வாய்க்கா உங்களுக்கு! இந்தப் பக்கம் பாத்ததே இல்லையே?"

"நான் வாரம் ஒரு ஊருக்குப் போறவ தம்பி."

ஆட்டம் முடிந்ததும், ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்க் ஓரமாகக் காரை நிறுத்திக் காத்திருந்தாள் நெலிதா. பின்சீட்டில் எல்லா ஊர் அணிகளின் ஜெர்சிகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

நடுவர் வந்து முன்சீட்டில் ஏறினார். அவள் அவர் முடியை விலக்கி, தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் படலம்மா. ஆனா இன்னிக்கு உன்னையே நீ ரொம்பத்தான் திட்டிக்கிட்ட."

"பின்ன? நீ குடுத்த பெனால்டி அப்படிடா!"