கணவாய் ஏறிய வேட்பாளர்

"நண்பர்களே, அந்தக் காலத்துல ராணுவம் மலையைக் குடைஞ்சு போட்ட மண் ரோடு இது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் அதல பாதாளம். கொஞ்சம் அசந்தா எலும்பு கூடத் தேறாது!"

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உம்பெர்த்தோ முழங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அவரைச் செல்போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தாள் மனைவி லொரெடானா. டுரின் நகர ஜீப் கிளப் முழுவதும் அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் தலைவர் தேர்தல். "இந்தக் கணவாயை ஏறினவனுக்குத்தான் ஓட்டு" என்று பேச்சைக் கிளப்பிவிட்டதே உம்பெர்த்தோதான்.

செல்போன் முன்கண்ணாடிப் பக்கம் சற்றே திரும்பியது. அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்துத் தன் முகத்துக்கே திருப்பினார்.

"வண்டிச் சத்தம் வேற மாதிரி இருக்கேன்னு ஒருத்தர் கேக்கறார்" என்றாள் லொரெடானா.

"ஏத்தத்துல அப்படித்தான் உறுமும். ஓட்டுறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்!"

அடுத்த கொண்டை ஊசி வளைவில் வண்டி குலுங்கி நின்றது. முன்பக்கமிருந்து விறுவிறுவென்று வந்த ஒரு பெண் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். மலைமேல் பாலாடைக்கட்டி செய்யும் டெல்ஃபினா.

"யோவ், பிரேக்குலேருந்து காலை எடுய்யா! அடிவாரத்துலயே இஞ்சின் செத்துப்போச்சுன்னு கும்பிட்டியேன்னு டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வர்றேன். நீ பயந்துபோய் வளைவுக்கு வளைவு மிதிச்சா கயிறு அறுந்துடாதா?"

"போனை அணை!" என்று பல்லைக் கடித்தார் உம்பெர்த்தோ.

லொரெடானா அணைக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையில் வந்ததைப் படித்தாள்.

"இந்தம்மா தேர்தல்ல நிப்பாங்களான்னு கேக்கறாங்க."