பீப்பாய்க்குள் சங்கு

"எவம்ல சங்கு ஊதுனது? இப்ப சொல்லுதியளா, இல்ல எல்லாரையும் டேசனுக்குக் கூட்டிட்டுப் போகவா?"

வார்டன் ஆறுமுகநயினார் போட்ட சத்தத்தில் ஏழு பிள்ளைகளும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மனிதர். யுத்தம் வந்ததும் இரும்புத் தொப்பி மாட்டி, விமானத் தாக்குதல் பாதுகாப்பு வார்டன் ஆனவர். ராயபுரத்தின் இந்தத் தெரு நேற்றுதான் அவர் பொறுப்புக்கு வந்திருந்தது. வந்த மறுநாளே இப்படி ஒரு தலைவலி.

காலை பத்து மணிக்கு அபாயச் சங்கு கேட்டது. ஜப்பான்காரன் குண்டு போட வந்துவிட்டான் என்று, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு இரண்டு தெரு ஜனமும் பதுங்கு குழியில் குதித்தது. குழியில் முழங்கால் அளவுக்கு மழைத் தண்ணீர். இந்த வீட்டுப் பட்டம்மாளுக்குக் கால் பிசகிவிட்டது. கடைசியில் பார்த்தால் விமானமும் இல்லை, குண்டும் இல்லை. இந்த எட்டுக் குடித்தன வீட்டின் கொல்லையில் கிடந்த காலி எண்ணெய்ப் பீப்பாய்க்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வந்திருந்தது.

"யுத்த நேரத்துல பொய்ச் சங்கு ஊதுனா விளையாட்டுன்னு விட முடியாது. போலீஸ் கேசு. ஊதுன பய யாரோ, அவன் அப்பன் உள்ள போவான்."

எல்லா வீட்டு ஆண்களுக்கும் துறைமுகத்தில்தான் வேலை. போலீஸ் கேஸில் பெயர் அடிபட்டாலே கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். பாஸ் போனால் சோறு போச்சு.

பட்டம்மாளின் மகள் ராஜாத்திக்கு எட்டு வயது. அவள் தலையில் கவிழ்த்திருந்த அலுமினியச் சட்டி இன்னும் இறங்கவில்லை.

"நான்தான் வார்டன் சார். இவனுங்க மூணு பேரும் ஏரோப்ளேன். இதுங்க ரெண்டும் பயந்து ஓடற ஜனம்."

"அப்ப சங்கு யாரு?"

ராஜாத்தி வரிசையின் கடைசியில் நின்ற ஐந்து வயதுப் பையனைப் பார்த்தாள். "சௌக்கத்து."

"அடிப்பாவி! அந்தப் புள்ள மேலயா பழி போடறே?" பட்டம்மாள் நொண்டிக்கொண்டே வந்து மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். "நம்பாதீங்க சார். அவனால ஆவாது. வேற யாரோ ஊதிக்கீறாங்க."

மற்றப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வார்டனுக்கு எரிச்சலாக வந்தது. எல்லாரும் சேர்ந்து பூசி மெழுகுகிறார்கள் என்பதுகூடத் தெரியாத ஆளா அவர்?

"பையனோட அம்மா யாரு?"

சாபிரா முன்னால் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வார்டனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே போய் ராஜாத்தியின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு. நெசமாவா? உன் கண்ணால பாத்தியா?"

"ஏம்மா, சாட்சிய மிரட்டாதே!"

"நெசமாத்தான் அத்த. நல்லா ஊதுனான்" என்றாள் ராஜாத்தி.

வார்டன் பையனிடம் குனிந்தார். "ஏலே, ஊதிக் காட்டு பாப்போம்."

சௌக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஊதுடா கண்ணு" என்றாள் சாபிரா.

வார்டன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, புரிஞ்சுதான் பேசுதியா? அவன் ஊதுனா உன் புருசன் பாசு போயிரும்."

"போட்டும் சார். ஊது ராஜா. அம்மா கேக்கறேன்ல? ஒரே வாட்டி ஊது."

புருஷன் மேல் என்ன கோபமோ! பெற்ற பிள்ளையைத் தானே காட்டிக் கொடுக்கும் தாயை ஆறுமுகநயினார் இன்றுதான் பார்க்கிறார். பையனோ அசைகிற வழியாக இல்லை.

"இப்டி கேட்டா ஊத மாட்டான் சார்" என்றாள் ராஜாத்தி. "வெளாட்டுல சேத்துக்கினாத்தான் ஊதுவான்."

யாரையும் கேட்காமல் சட்டியைச் சரி செய்துகொண்டு கையைத் தட்டினாள். "டேய், ஏரோப்ளேன் வருது! ஜனமெல்லாம் சாவப் போவுது! சங்கு எங்கடா?"

மூன்று ஏரோப்ளேன்களும் கையை விரித்துக்கொண்டு உறுமின. ஜனம் இரண்டும் அலறிக்கொண்டு ஓடின. சௌக்கத் தலையைத் தூக்கினான். ஒரே ஓட்டமாக ஓடிப் பீப்பாய்க்குள் தலையை விட்டான்.

ஊஊஊ என்று எழும்பிய சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. தெருவில் நாலைந்து பேர் திரும்பவும் குழிக்கு ஓடினார்கள். வார்டனுக்கே தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"சரி, ருசுவாயிட்டு." நோட்டைப் பிரித்தார். "பையன் பேரு சௌக்கத் அலி. அப்பன் பேரு?"

"பஷீர்." சாபிராவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பட்டம்மாள் கால் வலியையும் மறந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"கேசு எழுதுதேன், நீ சிரிக்கியே! உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"எழுதிக்க சார், எம்புள்ளதான் ஊதுனான்னு நல்லா பெருசா எழுதிக்க" என்றாள் சாபிரா. "போன வருசம் குண்டு பயத்துல ஊரே காலி பண்ணிக்கினு ஓடுச்சே, அப்போ பேசின் பிரிட்ஜ் ரயில் ஸ்டேசன் கூட்டத்துல என் கைய வுட்டுட்டுக் காணாமப் போயி ரெண்டு நாள் கழிச்சுக் கெடச்சவன் சார் இவன், அன்னிலேர்ந்து ஒண்ணர வருசமா அழுதாக்கூட சத்தமே வராத வாயி சார் அது!"