நடுங்காத கை

"ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க" என்றார் டாக்டர்.

நீட்டினேன்.

நடுங்கவில்லை.

எட்டு மாதமாக ஒரு நாள்கூடச் சும்மா இராத வலது கை, அவருடைய மேஜைக்கு மேலே பலகை மாதிரி அசையாமல் நின்றது.

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய டாக்டர் அவர். நான் இனி வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்று எழுதித் தரவேண்டியவர். முடியாது என்று எழுதினால் அறுபது வயதுவரை மாதாமாதம் பாதிச் சம்பளம் வரும். முடியும் என்று எழுதினால் ஒரு பைசா வராது; எங்களுக்கு வேறு வழியும் கிடையாது.

மனைவி பக்கத்து நாற்காலியில், என் மருந்துச் சீட்டுகள் இருந்த பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காப்பீடே அவள் பிடிவாதமாக எடுக்கவைத்ததுதான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, கடுகளவு திருகாணியை அதன் துளைக்குள் இறக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அதுதான் பிழைப்பு. "உங்க கையை நம்பித்தான் வீடு ஓடுது. அது ஒருநாள் முடியாதுன்னு சொன்னா?" என்று கேட்டு, ஏஜெண்டைக் கடைக்கே கூட்டிவந்துவிட்டாள். என் கைக்கு என்ன கேடு என்று சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நரம்பில் நோய் வந்தது.

முதலில் திருகாணிகள் தரையில் விழுந்தன. அப்புறம் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடி விழுந்து உடைந்தது. முதலாளி நல்ல மனிதர். தானே துண்டுகளைப் பெருக்கி எடுத்துவிட்டு, வீட்டில் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து என் சட்டைப் பொத்தானை அவள்தான் போடுகிறாள். போட்டுவிட்டு, சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடப் போகிறாள்.

டாக்டர் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். நடுவில் தொடங்கி, சுருள் மாதிரி வெளியே சுற்றிச் சுற்றி வரையவேண்டுமாம்.

என்றைக்கும் சரியாகக் கேட்காத மாத்திரை, இன்றைக்கென்று பார்த்துக் கேட்டுவிட்டது. காலையில் அதைப் போடாமல் வந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

பேனாவை வைத்தேன். அது நான் சொன்ன இடத்துக்குப் போயிற்று. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று, முதல் சுற்றிலிருந்து நூல் இழை பிசகாத தூரத்தில். மூன்றாவது. எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. தொலைந்துபோன என் கை, வழி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது போலிருந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார்.

"எப்பவுமே இப்படித்தான் வருதா?"

இன்றைக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். ஆனால் ஏமாற்ற வந்து மாட்டிக்கொண்டவனும் அதையேதான் சொல்வான்.

நாலாவது சுற்றில் கையை நடுங்க வைத்தேன்.

எட்டு மாதம் என்னை ஆட்டிவைத்த நடுக்கம், வேண்டுமென்று கூப்பிட்டபோது எப்படியிருக்கும் என்றே பிடிபடவில்லை. வேகம் கூடிப்போயிற்று. பேனா முனை தாளைக் கிழித்தது. தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றச் சொன்னார். மேஜைமேல் கொட்டினேன். கொட்டுவதற்கு முன் எந்தப் பக்கம் கொட்டலாம் என்று யோசித்ததுகூட நினைவிருக்கிறது. அவருடைய காகிதங்கள் இல்லாத பக்கமாகப் பார்த்துக் கொட்டினேன்.

மனைவி சட்டென்று எழுந்து, வீட்டில் செய்வதுபோலவே, முந்தானையால் துடைத்தாள். ஈரம் படாமல் இருக்க அந்தத் தாளைத் தூக்கினாள்.

மூன்று சுற்று அச்சடித்த மாதிரி. அதற்குமேல் கிறுக்கல்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. நான் தலையைத் தூக்கவில்லை.

"நான் எழுதி அனுப்பிடறேன். அடுத்த மாசத்துல இருந்து பணம் வந்துடும்" என்றார் டாக்டர்.

அவள் நன்றி சொன்னாள்.

படி இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம். அன்று முன்னால் இறங்கிப் போனாள். பின்னாலேயே போனேன். நடித்தது நிஜம், ஆனால் நோய் நடிப்பில்லை என்று சொல்லவேண்டும். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எனக்கே பொய்யாகக் கேட்டது.

பேருந்து நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். பெஞ்சில் இடம் இருந்தது. உட்கார்ந்தோம். அவள் எதிர்ச் சாரிக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரையின் பிடி விட்டது போலிருக்கிறது. கட்டைவிரலில் தொடங்கியது. மெதுவாக மணிக்கட்டுக்கு ஏறியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

இது வந்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

கையை அவள் முன்னால் நீட்டினேன். "இங்க பாரேன்."

பார்த்தாள். பிறகு பெஞ்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்களைப் பார்த்தாள். என் காதருகே குனிந்தாள்.

"போதும்ங்க. டாக்டர்தான் இங்க இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் காதில் விழுந்து எனக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்று, மிக மெதுவாகச் சொன்னாள்.