அண்ணி வைத்த பெயர்

“காய்ச்சல் எத்தனை நாளா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“மூணு நாளா,” என்றாள் அண்ணி.

கட்டிலில் கிடந்த கொழுந்தன் கண்ணைத் திறக்கவில்லை. “ஆமா, மூணுதான்,” என்று மட்டும் முனகினான்.

டாக்டரம்மா சீட்டில் 3 என்று எழுதினார்.

அண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொன்னது அவள். அவன் எதற்கு ஆமாம் போட்டான்?

உண்மையில் எட்டு நாள். எட்டு என்றால், ‘இத்தனை நாள் என்னம்மா செஞ்சீங்க?’ என்று அடுத்த கேள்வி வரும்.

எண்ணத் தெரியாதவள் அல்ல. பள்ளிக்கூட அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக வருகைப் பதிவேடு அவள் கையில்தான் இருக்கிறது. ‘காய்ச்சல் காரணமாக’ என்று தொடங்கும் விடுப்புக் கடிதங்களை மூட்டை மூட்டையாகப் படித்தவள். பரீட்சைக்கு முதல்நாள் வந்து, பரீட்சை முடிந்ததும் போகிற காய்ச்சலை அவள் மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று ஆசிரியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த மூக்கைத்தான் அவள் கொழுந்தன் விஷயத்திலும் நம்பினாள்.

கடைசல் பட்டறையை மூடிவிட்டார்கள், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒற்றைப் பையோடு வந்தவன். ஏழு மாதமாயிற்று. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். கதவை ஓசைப்படாமல் சாத்துவான். ஆனால் போகமாட்டான்.

அண்ணி அவனுக்கு ஒரு பெயர் வைத்தாள். மூன்றெழுத்துப் பெயர். கணவனிடமும், ஃபோனில் தங்கையிடமும் மட்டும் சொல்வாள், அதுவும் குரலைத் தாழ்த்தி. முதல் தடவை கேட்டபோது கணவனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்புறம் தலையைத் தட்டிக்கொண்டே, “பாவம்டி, அவன் காதுல விழுந்துடப்போகுது,” என்றான்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒருநாள் அவனிடமே நேராகக் கேட்டாள். “சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல பின்பக்கம் இருக்கிற புதரையாவது வெட்டக்கூடாதா, தம்பி?”

வெட்டினான். பேன்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு இரண்டு நாள் வெட்டினான். இப்போது அங்கேதான் அவள் துணி காயப்போடுகிறாள்.

பத்து நாள் கழித்து அவன் படுத்தான். தலை வெடிக்கிறது என்றான். தலைமாட்டில் ஒரு மாத்திரையை வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். “நாளைக்கே பட்டறையில கூப்பிடட்டும், காய்ச்சல் பறந்துடுதா இல்லையா பாருங்க,” என்று லாரியோடு வெளியூர் போயிருந்த கணவனிடம் ஃபோனில் சொன்னாள்.

தினமும் காலையில் கும்பிடும்போது, எல்லாரும் நல்லா இருக்கணும் என்றுதான் அவள் வேண்டிக்கொள்வாள். அந்த எல்லாரில் அவனும் சேர்த்தியா என்று யோசித்ததில்லை.

இன்று காலை அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, குளியலறை வாசலில் துணிபோலச் சரிந்த பிறகுதான் வண்டிக்குச் சொன்னாள்.

டாக்டரம்மா அவன் காலைத் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்குப் பின்புறம், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. வலிக்காததால் அவனே அதைக் கவனித்திருக்கவில்லை.

“புதர் கிதர் பக்கம் போனாராம்மா?”

“நான்தான் வெட்டச் சொன்னேன்.” அது மட்டும் உண்மையாக வந்தது.

“அப்ப அதேதான். செடியிலேர்ந்து பூச்சி ஏறிக் கடிச்சிருக்கு. கடிச்சது தெரியாது. கவனிக்காம விட்டா சிறுநீரகம், நுரையீரல்னு ஒவ்வொண்ணா பிடிச்சுக்கும்.” டாக்டரம்மா எழுதிக்கொண்டே சொன்னார். “ஒரு வாரம் தாண்டியிருந்தா இங்கேயே படுக்க வெச்சு எல்லாத்தையும் சோதிச்சுப் பாக்கணும். நல்லவேளை, மூணாம் நாளே கூட்டிட்டு வந்துட்டீங்க. மாத்திரை தரேன், வீட்டுக்குப் போகலாம்.”

வாயைத் திறந்த அண்ணி, சொல்ல வேண்டியதை விட்டு வேறொன்றைக் கேட்டாள்.

“இது என்ன காய்ச்சல் டாக்டர்?”

“உண்ணிக் காய்ச்சல்.”

கொழுந்தன் கண்ணைத் திறந்தான். வெடித்துப்போன உதட்டில், எட்டு நாளில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

“என்ன அண்ணி, டாக்டர் வரைக்கும் என் பேரைச் சொல்லிட்டீங்களா?”

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் வீட்டு வேடிக்கை ஒன்றை நினைவுபடுத்துகிறவன்போல்தான் சொன்னான்.

இத்தனை நாளும் கேட்டிருக்கிறான். கேட்டுக்கொண்டேதான் தட்டைக் கழுவியிருக்கிறான். கேட்டுக்கொண்டேதான் புதரை வெட்டியிருக்கிறான். சற்றுமுன் அவள் மானத்தைக் காக்க ஆமாம் போட்டவனும் அவன்தான்.

டாக்டரம்மா சீட்டை நீட்டினார். அண்ணி கையை நீட்டவில்லை.

“மூணு இல்ல டாக்டர். எட்டு.”

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மூன்றை அடித்து, மேலே எட்டு என்று எழுதி, படுக்கை தயார் பண்ணச் சொல்லி நர்ஸைக் கூப்பிட்டார்.

பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

அண்ணி மேசையிலிருந்த பேனாவை எடுத்து, யாரும் கேட்காமலே, அந்த எட்டுக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.