பாக்கெட்டுக்குள் ஒரு கை

‘ஙொய்ங்ங்...’ என்று வீடே அதிர்ந்தது. பையும் கையுமாக நுழைந்த மாமனார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில், மருமகன் உதிரி பாகங்கள் அடங்கிய கிட் வாங்கித் தானே கோர்த்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர் திறந்து கிடந்தது. உள்ளே கண்ணாடிக் குழல் வால்வுகள் செக்கச்சிவந்து மின்ன, மருமகன் வலது கையால் மீட்டர் முனையை உள்ளே தொட்டுக்கொண்டிருந்தார். இடது கை பேன்ட் பாக்கெட்டில்.

“வாங்க மாமா, உட்காருங்க” என்றார், திரும்பாமலே.

மாமனார் விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார். “நான் அடுத்த பஸ்லயே கிளம்பறேன்மா.”

“ஏம்ப்பா? இப்பத்தானே வந்தீங்க!” என்றாள் மகள்.

“மாப்பிள்ளை எழுந்திருக்க வேண்டாம். பாக்கெட்ல இருந்து கையையாவது எடுக்கலாம்ல? பெரிய துரைன்னு நினைப்பு!”

“அந்த வேலையில உட்கார்ந்தா எப்பவும் அப்படித்தாம்ப்பா.”

“நீ ஒண்ணும் கேக்கறதில்லையா?”

மகள் சிரித்துவிட்டாள்.

“சொன்னதே நான்தான். உள்ளே நானூறு வோல்ட் ஓடுது. ரெண்டு கையையும் விட்டா, ஷாக் ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா அடுத்த கைக்குப் பாயுமாம். அதான், யார் வந்தாலும் சரி, அதை அணைக்காம அந்தக் கையை வெளியே எடுத்தா, எங்கப்பா வீட்டுக்கே போயிடுவேன்னு மிரட்டி வெச்சிருக்கேன்!”