சிவப்பு வெள்ளைக் கறி

இங்கிலாந்தின் ஹல் நகரில் டெரெக் வீட்டு அடுப்பில் முப்பது வருடமாக பேக்கன் என்ற பன்றிக்கறி மட்டும் வறுபட்டதில்லை. ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் எதிரி ரக்பி அணியின் சட்டையைப் போல அந்தக் கறியும் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிறதாம்.

இன்று காலை அவரே அதை வாங்கி வந்து வறுத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி மாரின்.

"நாக்கு கேக்குது."

"முப்பது வருஷமா கேக்காத நாக்கா?"

மகன் கானர் மாடியிலிருந்து இறங்கினான். அப்பா உயிரை விடும் மேற்கு அணியில் ஆடுகிறவன். மூன்று நாளாக அவர் கண்ணில் படாமல் நழுவியவன், வாணலியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அப்பா, ஒரு விஷயம்..."

"தெரியும்டா. நீ கிழக்கு டீம்ல கையெழுத்துப் போட்டதை மீன்கடைக்காரன்கூட சொல்லிட்டான்."

தட்டை நீட்டினார்.

"நல்லா சாப்பிடு. எங்களோட மோதுற அன்னைக்கு மட்டும் வெறும் வயித்தோட போ."